மொகஞ்சதாரோ வடிகாலைத் தூர்வாரியது யார்?

முகத்துவாரம் | சனி, இரவு 9:10

வணக்கம். நான் பிளஸ் ஒன், வரலாறு குரூப். வீடு எண்ணூரில், ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கம். எங்கள் வரலாறு மிஸ் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். ஆதி நாகரிகங்கள் பாடம் முடிந்ததும் உன் மனசில் என்ன நின்றது என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும். புத்தகத்தைப் பார்த்து எழுதினால் மார்க் கிடையாது. எழுதிவிட்டேன். ஆனால் இரண்டாவது பக்கத்தில் ஒரு கேள்வி பதில் இல்லாமல் நிற்கிறது. அதனால்தான் இங்கே வந்தேன்.

பாடம் நடத்தின அன்று மிஸ் போர்டில் நான்கு ஆறு வரைந்தார். நைல், யூப்ரடீஸும் டைக்ரிஸும் சேர்ந்து ஒன்று, சிந்து, மஞ்சள் ஆறு. ஆறு வண்டல் கொண்டுவரும், வண்டலில் விளையும், தின்றது போக மிஞ்சும், மிஞ்சினதை வைக்கக் கிடங்கு வேணும், கிடங்குக்குக் கணக்கு வேணும், கணக்குக்கு எழுத்து வேணும். ஒன்றைப் பிடித்து ஒன்றாக அவர் சொல்லிக்கொண்டே போனபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சுமேரியாவின் ஆகப் பழைய களிமண் பலகைகளில் பெரும்பாலும் கதையோ பாட்டோ இல்லையாம். எத்தனை ஆடு, எவ்வளவு பார்லி, யாருக்கு எவ்வளவு படி என்கிற கணக்குதானாம். எங்கள் ஆயா மீன் கூடைக் கணக்கை இன்றைக்கும் சுவரில் கரிக்கோடு போட்டுத்தான் வைக்கிறார். அந்தச் சுவரை அன்றைக்குச் சாயங்காலம் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு மொகஞ்சதாரோ. சுட்ட செங்கல் எல்லாம் ஒரே விகிதம். உயரம் 1 என்றால் அகலம் 2, நீளம் 4. வீட்டுக்கு வீடு குளிக்கும் இடம், அங்கிருந்து தெரு வடிகால், வடிகாலுக்கு மூடி, நடுநடுவே கசடு தங்க ஒரு தொட்டி. இதெல்லாம் 4,500 வருஷத்துக்கு முன்னால்! வகுப்பே கைதட்டியது, நானும் தட்டினேன். ஐப்பசி பிறந்தால் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர்.

அப்போது பின் பெஞ்சிலிருந்து என் சிநேகிதி மெதுவாகக் கேட்டாள். "தொட்டி ரொம்பிச்சுன்னா யாருடி எறங்குவாங்க?"

அவள் நைனா கால்வாய் அள்ளும் வேலை. கான்ட்ராக்ட் ஆள். மழைக்கு முந்தின மாதங்களில் வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே நின்று குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார். அவள் கேட்டது மிஸ் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது, இன்னும் போகவில்லை.

வீட்டுக்கு வந்து தேடினேன். மொகஞ்சதாரோவில் தோண்டியவர்களில் எர்னெஸ்ட் மக்கே என்று ஒருவர். வடிகால் ஓரங்களில் சின்னச் சின்னக் குவியல்கள், பெரும்பாலும் மணல், அடிக்கடி கிடைத்தன என்று எழுதியிருக்கிறார். தூர்வாரும்போது அள்ளினதை எப்போதும் அப்புறப்படுத்தவில்லை என்பதற்கு அதுதான் அவர் காட்டும் சாட்சி. எங்கள் தெருவிலும் இதேதான். அள்ளி ஓரமாகக் கொட்டுவார்கள், வண்டி வரும் வரும் என்று பார்ப்போம், அடுத்த மழை அதையே திரும்ப உள்ளே தள்ளும்.

பெருங்குளம் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த மணலை அள்ளின ஆளுக்குப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. அவர் யார்? அவருக்கு என்ன கூலி? அவர் வீட்டிலும் குளிக்கும் இடம் இருந்ததா?


மணலி_புதுநகர் | சனி, இரவு 9:48

தங்கச்சி, மக்கே வரைக்கும் போய்த் தேடியிருக்கிறாய், சந்தோஷம். நான் குரூப் டூவுக்குப் படிக்கிறவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கடைசிக் கேள்விக்குப் பதில் உண்டு. பெரிய வீடு, சின்ன வீடு என்று இல்லாமல் அங்கே பெரும்பாலான வீடுகளில் குளிக்கும் மேடை இருந்திருக்கிறது. எகிப்து, மெசபடோமியா போல ராஜாவுக்கு ஒரு பிரமாண்டக் கல்லறை, அரண்மனை என்று இதுதான் எனக் கைகாட்டும்படி எதுவும் சிந்துவெளியில் கிடைக்கவில்லை. ஆனால் கூலி, வேலை ஆள், மேஸ்திரி இதெல்லாம் தெரிய வேண்டுமானால் எழுத்தைப் படிக்க வேண்டும். அதை இன்னும் யாரும் படித்துக் காட்டவில்லை. சிந்து எழுத்தை ஆராய்ந்த ஐராவதம் மகாதேவன் 1977இல் தொகுத்த பட்டியலில் 417 குறிகள் இருக்கின்றன. சராசரியாக ஒரு முத்திரையில் ஐந்து குறிதான். படித்துக் காட்டுகிறவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் என்று 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் அறிவித்தார்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இன்றைய சாதிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அங்கே போகாதே. தூர்வாரினவரைத் தாழ்வாக நடத்தினார்கள் என்பதற்கு அந்த மணல் சாட்சி ஆகாது. முறை வைத்து எல்லோரும் வாரியிருக்கவும் கூடும்.


ஓட்டேரிப் பேத்தி | சனி, இரவு 10:31

மணலி தம்பி சொன்ன எச்சரிக்கை சரி. ஆனாலும் அந்தப் பொண்ணு சாதி என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. யார் என்றுதான் கேட்டது. இந்த நாட்டில் மனிதரைச் சாக்கடையில் இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் போட்ட பிறகும் இறங்கிச் செத்த செய்தியைப் படித்து வளர்கிற பிள்ளை வேறு எதைக் கேட்கும்?

கண்ணு, சிந்துவெளியில் வேலை ஆளின் குரல் கேட்காது. எகிப்தில் கேட்கும். அங்கே கொஞ்சம் வா.

நைல் ஆற்றின் மேற்குக் கரையில் டெய்ர் எல் மெதினா என்று ஒரு ஊர். ராஜாக்களின் கல்லறையைக் குடைகிறவர்கள், சித்திரம் எழுதுகிறவர்கள் எல்லாம் குடும்பத்தோடு குடியிருந்த லைன் வீடுகள். கூலி, காசாக இல்லை, கோதுமையும் பார்லியும். இரண்டாம் ராம்சேஸ் காலத்துக் கல் ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அது மஸ்டர் ரோல். யார் எந்த நாள் வேலைக்கு வரவில்லை, ஏன் என்று எழுதியிருக்கிறது. ஒருவனைத் தேள் கொட்டியது. ஒருவனுக்குக் கண் நோவு. ஒருவன் வீட்டில் பீர் காய்ச்சினான். ஒருவன் அம்மா செத்துப்போய் உடலுக்குத் துணி சுற்றப் போனான். அரசன் கட்டின கோயிலைவிட எனக்கு இந்தக் கல் பெரிது. 3,200 வருஷத்துக்கு முன்னால் ஒரு மகன் லீவு போட்ட காரணம் நமக்குத் தெரிகிறது பார்.

அடுத்து மூன்றாம் ராம்சேஸ் ஆண்ட 29ஆவது வருஷம், கி.மு. 12ஆம் நூற்றாண்டின் நடுவில். படி, அதாவது கூலித் தானியம், வரவில்லை. நாள் தள்ளிக்கொண்டே போனது. அந்த ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டுக் காவல் சுவர்களைத் தாண்டி வந்து ஒரு கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, ராஜாவுக்கு எழுது என்று சொல்லியிருக்கிறார்கள். அதை எழுதிவைத்த பாப்பிரஸ் இத்தாலியில் டூரின் நகரத்தில் இருக்கிறது. உலகத்தில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். படி கிடைக்கவும் கிடைத்தது.

இதைப் படித்தபோது நான் அழுதேன். என் தாத்தா ஒரு ஆலையில் நெசவுப் பிரிவில் இருந்தவர். சம்பள நாள் தள்ளிப்போனால் பாட்டி அரிசியை நாழியால் அளப்பதை விட்டுக் கைப்பிடியால் அளப்பாளாம். நம்ம பெரம்பூர்ப் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தானே 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, பி.பி. வாடியா தலைவராக? இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம். நைல் கரையில் உட்கார்ந்தவர்களுக்கும் நம்ம ஊர் ஆட்களுக்கும் நடுவில் மூவாயிரம் வருஷம். கேட்டது ஒன்றேதான்.


ஏழுகிணறு | சனி, இரவு 11:05

மொகஞ்சதாரோவில் மட்டும் சுமார் 700 கிணறு இருந்திருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். வட்டக் கிணற்றுக்கென்றே ஆப்பு வடிவத்தில் அறுத்த செங்கல். எங்கள் பேட்டைக்குப் பேரே கிணற்றால் வந்தது. 1772 வாக்கில் கோட்டைக்குத் தண்ணீர் எடுக்க வெட்டினது. கிணறு வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், வருஷம் ஒரு தரம் இறங்கி வாராவிட்டால் தண்ணீர் நாறும். ஆக 700 கிணற்றுக்கும் இறங்கின ஆள் உண்டு. பாப்பா கேள்வியில் இதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.


கேரேஜ் ரிட்டயர்ட் | ஞாயிறு, காலை 6:20

பெரம்பூர் கேரேஜில், அதாவது ரயில் பெட்டி ஒர்க்‌ஷாப்பில், 34 வருஷம் வேலை பார்த்தவன். வயது 71. என் பேத்தி சொல்லித்தான் இதைப் படித்தேன்.

அந்த 1:2:4 கணக்கை மனப்பாடம் மட்டும் பண்ணாதே பாப்பா, அதன் சூட்சுமத்தைப் பார். நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்கு இருந்தால் ஒரு வரிசையை நெடுக்காகவும் அடுத்ததைக் குறுக்காகவும் வைக்கலாம். இரண்டு குறுக்குக் கல், ஒரு நெடுக்குக் கல்லுக்குச் சரியாக உட்காரும். மேல் வரிசை கீழ் வரிசையின் இணைப்பை மூடிக்கொண்டே போகும். சுவர் விரிசல் விடாது. வேறு வேறு ஊரில் சூளை போட்டாலும் ஒரு கல் இன்னொன்றோடு சேரும். எங்கள் வேலையில் கேஜ் என்பது இதுதான். ஒரு ஊரில் செய்த சக்கரம் இன்னொரு ஊர்த் தண்டவாளத்தில் ஓட வேண்டும். யாரோ ஒருத்தன் அளவுக்கட்டையை வைத்துக்கொண்டு சூளை சூளையாகப் போய்ச் சரிபார்த்திருப்பான். அவனையும் உன் பட்டியலில் எழுதிக்கொள்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லாகூரிலிருந்து முல்தானுக்கு ரயில் பாதை போட்டபோது ஹரப்பா மேட்டைத் தோண்டிச் செங்கல்லை உடைத்துத் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியாகக் கொட்டினார்கள். ஏறக்குறைய 160 கிலோமீட்டருக்கு அந்தக் கல் போதுமானதாக இருந்தது என்று அலெக்சாண்டர் கன்னிங்காம் எழுதிவைத்திருக்கிறார். நம்ம ராயபுரம் ஸ்டேஷன் 1856இல் திறந்தது. அதே காலம். இங்கே முதல் வண்டி ஓடி ஜனம் வேடிக்கை பார்த்தபோது அங்கே ஒரு நகரமே வண்டிக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. தயாராம் சாஹ்னி 1921இல் ஹரப்பாவைத் தோண்ட வந்தபோது மிச்சம்தான் கிடைத்தது. மறு வருஷம் ராகல்தாஸ் பானர்ஜி மொகஞ்சதாரோவைத் தொட்டார். 1924இல் தொல்லியல் துறைத் தலைவர் ஜான் மார்ஷல் இந்தப் பழைய நாகரிகத்தைப் பற்றி உலகத்துக்குச் சொன்னார். ரயில்வேயில் சோறு தின்றவன் என்பதால் எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது.


முகத்துவாரம் | ஞாயிறு, காலை 10:15

எல்லோருக்கும் நன்றி. தேள் கொட்டினவரையும் அளவுக்கட்டைக்காரரையும் எழுதிக்கொண்டேன். ஓட்டேரி அக்கா, மஸ்டர் ரோல் பற்றி என் சிநேகிதியிடம் சொன்னேன். "எங்க நைனா லீவு போட்டா எங்கயும் எழுத மாட்டாங்க, கூலிதான் கட்" என்றாள்.

இன்னொன்றும் எழுதியிருந்தேன், முதல் பதிவில் விட்டுவிட்டேன். போர்டில் வரைந்த நான்கு ஆற்றில் எங்கள் ஆறு இல்லை. ஆனால் அதே புத்தகத்தில் அதற்கு முந்தின பக்கங்களில் அத்திரம்பாக்கம் வருகிறது. திருவள்ளூர் மாவட்டம், கொசஸ்தலை ஆற்றங்கரை. ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் முதல் கற்கோடரியை எடுத்தார். அதே வருஷம் அத்திரம்பாக்கத்தையும் கண்டார். அங்கே தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் தோண்டி எடுத்த கருவிகள் 15 லட்சம் வருஷம் பழையவை. அந்தக் கொசஸ்தலைதான் பூண்டி வந்து, அங்கிருந்து சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் பின்னால் கடலில் சேர்கிறது! பாடத்தில் படிக்கும்போது யாரும் இதைச் சொல்லவில்லை. மேப்பில் விரலை வைத்து இழுத்துக்கொண்டே வந்தேன், விரல் எங்கள் தெருவில் வந்து நின்றது.

எங்கள் ஆற்றைச் சாக்கடை என்று சொல்லிப் பழகிவிட்டோம். சாம்பல் கலந்த தண்ணீர், 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், அதை மக்கு மக்காக அள்ளின எங்கள் சித்தப்பாக்கள். அப்போது வலையெல்லாம் கறுப்பாகிவிட்டது. அந்த ஆறா மனிதர்கள் கருவி செய்யக் கரை கொடுத்த ஆறு? அப்படியானால் நாகரிகம் முதலில் இங்கேதானே?


மணலி_புதுநகர் | ஞாயிறு, காலை 11:02

இந்த இடத்தில் உன்னைத் திருத்த வேண்டும், தப்பாக நினைக்காதே. 15 லட்சம் வருஷத்துக்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் நம் இனமே கிடையாது. ஹோமோ சேப்பியன்ஸ் தோன்றியதற்கு ரொம்ப முந்திய ஆதிமனிதர்கள். நகரம், எழுத்து, வேலைப் பிரிவினை இருந்தால்தான் பரீட்சையில் நாகரிகம்.

அந்த வயதை எப்படிக் கண்டார்கள் என்பது அதைவிட அழகு. குவார்ட்சைட் கல் வெயிலில் கிடக்கும்போது விண்வெளிக் கதிர் பட்டுப்பட்டு அதற்குள் அலுமினியம் 26, பெரிலியம் 10 என்ற இரண்டு கதிரியக்க அணுக்கள் உண்டாகும். மண்ணுக்குள் புதைந்ததும் கதிர் படாது. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் தேயும், அலுமினியம் சுமார் இரண்டு மடங்கு வேகத்தில். மிஞ்சியிருக்கும் விகிதத்தைப் பார்த்தால் புதைந்து எவ்வளவு காலம் என்று தெரியும். 2011இல் வெளியான முடிவு அது. 2018இல் இன்னொன்று வந்தது. கோடரியை விட்டுச் சின்னச் செதில் கருவிகளுக்கு அங்கே மாறியது 3,85,000 வருஷத்துக்கு முன்னால் என்று. பெருமைப்படு, தாராளமாக. வார்த்தையை மட்டும் சரியாகப் போடு.


தமிழாசிரியை, திருவொற்றியூர் | ஞாயிறு, மதியம் 1:40

வார்த்தை என்று வந்ததால் நானும் பேசுகிறேன். நாகரிகம் என்ற சொல் குறளில் வருகிறது, 580ஆவது குறள். அங்கே நகரமும் இல்லை, வடிகாலும் இல்லை. அதிகாரம் கண்ணோட்டம். நஞ்சு பெய்வதைக் கண்ணால் கண்டும் அதை உண்டு அமைகிறவர்கள்தான் எல்லோரும் விரும்பும் நாகரிகத்தை வேண்டுகிறவர்கள். பிறர் மேல் இரக்கம் ஓடும் கண்ணுக்கு அந்தக் காலத்துப் பெயர் நாகரிகம். பாடப்புத்தகத்தின் பொருள் பிற்பாடு ஏறியது. மகளே, நீ தேடுவது அந்தப் பழைய பொருள் என்று எனக்குப் படுகிறது.


முகத்துவாரம் | ஞாயிறு, மாலை 4:25

டீச்சர், மரியாதையோடு கேட்கிறேன். நஞ்சு ஊற்றுவதைப் பார்த்தும் குடித்துக்கொள் என்பதா நாகரிகம்? எங்கள் ஆற்றில் ஊற்றினார்கள், நாங்கள் பார்த்தோம். எங்கள் மீனை மார்க்கெட்டில் மோந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனார்கள். ஆயா கூடையோடு திரும்பி வந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குச் சுவரில் கோடே விழவில்லை. எங்களைப் போய் அமைந்து இரு என்று சொல்கிற சொல் எனக்கு வேண்டாம்.


தமிழாசிரியை, திருவொற்றியூர் | ஞாயிறு, மாலை 5:10

உன் கோபம் நியாயம். நான் அரைகுறையாகச் சொல்லிவிட்டேன். பரிமேலழகர் அதைப் பழகியவர் இடும் நஞ்சு என்று உரை சொல்கிறார். நெஞ்சுக்கு நெருங்கினவர் கையை மறுக்க முடியாத இடம் அது. முகம் தெரியாதவன் ஆற்றில் கலக்கும் நஞ்சுக்கு அந்தக் குறளை நீட்டக் கூடாது. நாளை வகுப்பில் இந்தக் குறளை நடத்தும்போது நீ கேட்டதைச் சொல்லித்தான் நடத்துவேன்.


பழவேற்காட்டுக் கரை | ஞாயிறு, இரவு 8:50

மணலித் தம்பி முதலில் ராஜா இல்லை என்று சொன்னதைப் பற்றி. எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, முறை வைத்து மாற்றிக்கொள்வோம். நல்ல பாடு ஒருத்தனுக்கே நிற்காது. கலெக்டரும் வர மாட்டார், போலீசும் வராது. ஏட்டிலும் பெரிசாக எழுதிவைத்தது கிடையாது. ஆனால் நடக்கிறது. ராஜா இல்லாமல் 700 கிணறும் வடிகாலும் எப்படி நடந்திருக்கும் என்று படித்தவர்கள் ஆச்சரியப்படும்போது எங்களுக்கு அவ்வளவு ஆச்சரியம் வருவதில்லை.

நிஜத்தையும் சொல்ல வேண்டும். பாடுப் பட்டியலில் பேர் இருக்கிறவனுக்குத்தான் பாடு. கழியில் இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் வீட்டுப் பெண்களுக்குச் சீட்டு கிடையாது. முறை வைத்து எல்லோரும் வாரியிருக்கலாம் என்று தம்பி சொன்னார். முறைக்கு வெளியே நின்றவர் யார் என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.


முகத்துவாரம் | வியாழன், இரவு 9:35

நோட்டைக் கொடுத்துவிட்டேன். கடைசியில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சிநேகிதி வீட்டுக்குப் போனேன். அவள் நைனா குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். மொகஞ்சதாரோ பற்றியும் மக்கே எழுதினதையும் சொன்னேன். வடிகால் ஓரத்தில் மணல் குவியல், அப்புறப்படுத்தாமல் விட்டுவிட்டார்கள் என்று. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"விட்டுட்டாங்கன்னு ஏன் சொல்றாரு? அள்னதும் தூக்க மாட்டோம்மா. ஈரத்தோட தூக்குனா ஒரு சட்டி ரெண்டு சட்டி பாரம். ஓரமா கொட்டி ரெண்டு நாள் காயவுடுவோம். தண்ணி வடிஞ்சிரும், அழுக்கு காஞ்சு போயிரும், மணலு நிக்கும். அப்புறம்தான் வண்டி. அவங்களும் காயவுட்டிருப்பாங்க. வேல தெரிஞ்சவங்க."

பிறகு அவரே, "தொட்டி மூடி கல்லா, செங்கல்லா? ஒருத்தன் தூக்குற மாதிரியா, ரெண்டு பேரா?" என்று கேட்டார். போனில் படம் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். வாட்டம் நல்லா விட்டிருக்காங்க என்றார். அப்படிக் கண்ணை விரித்து அவர் எதையும் பார்த்து நான் பார்த்ததில்லை.

இரண்டாவது பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். மக்கே சொன்னது ஒரு பத்தி, இவர் சொன்னது ஒரு பத்தி. பேர் போடட்டுமா என்று கேட்டேன். வேணாம்மா, பொண்ணு ஸ்கூலு என்றார். அதனால் "எண்ணூரில் 19 வருஷமாகக் கால்வாய் அள்ளுகிறவர் சொன்னது" என்று போட்டிருக்கிறேன். மிஸ் அந்த வரியின் கீழே பேனாவால் கோடு போட்டு, திங்கட்கிழமை நீங்கள் இருவரும் சேர்ந்து வகுப்பில் படியுங்கள் என்று எழுதியிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு பூண்டி மியூசியத்துக்குக் கற்கருவி பார்க்கப் போகிறோம். அவளும் வருகிறாள், அவள் நைனாவுக்கு அன்றைக்கு வேலை இல்லாவிட்டால் அவரும். திருவள்ளூரில் இறங்கிப் பூண்டிக்கு எந்த பஸ் ஏற வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள். ஆயாவும் வருவேன் என்கிறார், நடக்கிற தூரம் எவ்வளவு என்றும் சொன்னால் நல்லது.